ராக் மேடையில ஃப்ளூட்டு, கூடவே ஒரு மைக்கு

1967ல இங்கிலாந்துல இருபது வயசுப் பையன் ஒருத்தர் தன்னோட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் குடுத்துட்டு பதிலுக்கு ரெண்டு பொருள் வாங்கினாரு. ஒண்ணு கத்துக்கிறவங்க வாசிக்கிற சாதாரண ஃப்ளூட்டு, இன்னொண்ணு ஷ்யூர் கம்பெனி யூனிடைன் மைக்கு. எரிக் கிளாப்டன் வாசிக்கிறதைக் கேட்டுட்டு, கிட்டார்ல இந்த ஆள் அளவுக்கு நம்மளால வர முடியாதுன்னு முடிவு பண்ணிதான் அப்படி மாத்திக்கிட்டாரு. அவர்தான் இயன் ஆண்டர்சன், ஜெத்ரோ டல்ங்கிற ராக் பேண்டோட தலை. இந்தக் கதைய சொல்றவங்க எல்லாரும் கிட்டாரைப் பத்தி சொல்லுவாங்க, ஃப்ளூட்டைப் பத்தி சொல்லுவாங்க, மைக்கை மட்டும் போற போக்குல விட்டுடுவாங்க. எனக்கு அந்த மைக்குதான் கதையோட முக்கியமான பாதி.

ஏன்னா நான் மைக்செட் ஆளு. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைன்னு ஆடி மாசத்துல கூழ் ஊத்துறதுல ஆரம்பிச்சு கல்யாணம், சர்ச் கன்வென்ஷன், கானா கச்சேரி வரைக்கும் பாக்ஸ் ஏத்தி மிக்சர் முன்னாடி உக்காந்து பழகினவன். எந்தப் பாட்டு கேட்டாலும் முதல்ல மைக்கு எங்க இருக்குன்னுதான் காது தேடும். இன்னொரு விஷயம், நம்ம ஊர் மைக்செட் எல்லாத்துலயும் இருக்குமே அந்த உருண்டை தலை மைக்கு, ஐம்பத்தெட்டுன்னு கூப்பிடுவோம், ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரிஜினலும் கிடைக்கும் டூப்ளிகேட்டும் கிடைக்கும், அது 1966ல வந்த மாடல், அதோட உள்பாகம் யூனிடைன் 3ல இருந்து வந்ததுதான். அதாவது ஆண்டர்சன் வாங்கின மைக்கும் நம்ம அம்மன் கோயில் மேடையில நிக்கிற மைக்கும் ஒரே வம்சம். இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை பக்கத்துல இருந்த யாருகிட்டயும் சொல்லிப் புரிய வைக்க முடியல, அதான் இங்க எழுதுறேன்.

ஃப்ளூட்டுக்கு சவுண்டு வைக்கிறது கஷ்டமான வேலைங்க. ட்ரம்ஸ் சும்மாவே கத்தும், கிட்டாருக்கு ஆம்ப் இருக்கு, கீபோர்டுக்கு லைன் குடுத்தா முடிஞ்சுது. ஃப்ளூட்டுல மேல் ஸ்தாயி நல்லா கேக்கும், கீழ் ஸ்தாயிக்கு வந்தா சத்தம் அப்படியே குறைஞ்சிடும், அதுக்குன்னு நாம வால்யூம் ஏத்தினா ஸ்பீக்கர் கீய்ங்னு கத்துற ஹவுலிங் ஆரம்பிச்சிடும். சத்தம் வாய் வைக்கிற ஓட்டையில இருந்தும் வருது, விரல் எடுக்கிற ஓட்டைங்கள்ல இருந்தும் வருது. கர்நாடக சங்கீதக் கச்சேரின்னா மைக்கை உதட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு வாசிக்கிறவரே சொல்லுவாரு, காத்து சத்தம் விழக்கூடாது, நாதம் மட்டும் வரணும்னு. அது சரிதான், அந்த சங்கீதத்துக்கு அதுதான் அழகு. ஆனா ஆண்டர்சன் பாடுறதும் ஊதுறதும் ஒரே மைக்குல. பாடி முடிச்ச வாய் அப்படியே ஃப்ளூட்டுக்கு வருது, மைக்கு உதட்டுக்கு ஒட்டி நிக்குது, அதனால மூச்சு இழுக்கிற சத்தம், துப்புற மாதிரி நாக்கை அடிக்கிற சத்தம், ஊதிக்கிட்டே தொண்டையில உறுமுற சத்தம் எல்லாம் உள்ள போகுது. மைக்குக்கு கிட்ட போனா பேஸ் ஏறும்ல, அதுவும் சேர்ந்துக்குது. சின்னக் குழாய்ல இருந்து வர்ற சத்தம் கிட்டாருக்கு எதிர்ல நிக்கிற அளவுக்கு சதை போடுறது அங்கதான்.

அந்த உறுமல் ஆண்டர்சன் கண்டுபிடிச்சது கிடையாது. அமெரிக்காவுல ரோலண்ட் கிர்க்னு ஒரு ஜாஸ் மேதை இருந்தாரு, கண் பார்வை இல்லாதவரு, மூணு சாக்ஸஃபோன் மாதிரி வாத்தியங்களை ஒரே நேரத்துல வாயில வச்சு ஊதுவாரு, மூக்காலயும் ஃப்ளூட்டு வாசிப்பாரு. 1964ல முழுக்க முழுக்க ஃப்ளூட்டுலயே ஒரு ஆல்பம் ரெக்கார்டு பண்ணாரு, ஐ டாக் வித் த ஸ்பிரிட்ஸ்னு. அதுல ஊதிக்கிட்டே பாடுவாரு, பேசுவாரு, முனகுவாரு. அதுல இருக்குற செரினேட் டு எ குக்கூவைத்தான் ஆண்டர்சன் கத்துக்கிட்டு 1968ல வந்த ஜெத்ரோ டல்லோட முதல் ஆல்பத்துல வாசிச்சிருக்காரு. ஃப்ளூட்டு கையில எடுத்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகாத ஆளு வாசிச்சதுன்னு நினைச்சுக் கேட்டா தலை சுத்தும். வாத்தியார் யாரும் கிடையாது, தானா கத்துக்கிட்டதுதான். பல வருஷம் கழிச்சு 90கள் ஆரம்பத்துல அவரோட பொண்ணு ஃப்ளூட்டு கத்துக்க ஆரம்பிச்சப்பதான் அப்பா விரல் வைக்கிற முறையே தப்புன்னு தெரிஞ்சிருக்கு, அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பேர் எடுத்த மனுஷன் திரும்ப உக்காந்து சரியான ஃபிங்கரிங் பழகினாரு. எனக்கு அவர் மேல மரியாதை பல மடங்கு ஏறினது அந்த விஷயத்துலதான்.

ஆண்டர்சன் ஒத்தக் கால்ல நின்னு வாசிக்கிற போஸைப் பத்தி கேக்காம நம்ம ஆளுங்க விடமாட்டாங்க, கேலண்டர் கிருஷ்ணரைப் பாத்து பண்ணதான்னு. கிருஷ்ணர் ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்க வச்சு நிப்பாரு, இவரு ஒரு காலைத் தூக்கி மடக்கிக்குவாரு. அதுவும் முதல்ல ஹார்மோனிகா வாசிக்கும்போது மைக் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்ச பழக்கம், ஃப்ளூட்டுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

எனக்கு இந்தப் பாட்டெல்லாம் அறிமுகம் ஆனது பெரம்பூர்ல. ரயில்வேல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஆங்கிலோ இந்தியன் அங்கிள் ஒருத்தர் வீட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பண்ணப் போவேன், பேசிக்கிட்டே "இத்த கேளு மேன், வேலை அப்புறம் பாத்துக்கலாம்"னு கேசட் போடுவாரு. அப்படிக் கேட்டதுதான் லோகோமோட்டிவ் ப்ரீத், 1971ல வந்த அக்வாலங் ஆல்பத்துல. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பக்கத்துல உக்காந்து அந்தப் பேர்ல ஒரு பாட்டு கேக்குறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல ஜான் எவன் பியானோல மெதுவா ஆரம்பிச்சு, அப்புறம் கிட்டார் வந்து தடதடன்னு ஓட ஆரம்பிச்சு, நடுவுல ஃப்ளூட்டு நுழையும் பாருங்க, அதுல ஒரு எடத்துலகூட இனிமை கிடையாது, மூச்சு வாங்குது, இருமுது, திட்டுது. அங்கிள் என்னைப் பாத்துட்டு "ஃப்ளூட்டு மேன் அது"ன்னாரு. கானா பாடுற அண்ணனுங்க சட்டியைத் தட்டிக்கிட்டு தொண்டை கரகரக்க உச்சத்துல இழுக்கும்போது குரல் உடையுமே, உடையிற அந்த எடத்துலதானே கேக்குறவன் விசிலடிப்பான், ஆண்டர்சன் ஃப்ளூட்டு எனக்கு அன்னைக்கு அப்படித்தான் கேட்டுச்சு. அதனாலதான் வடசென்னைக் காதுக்கு இந்த மியூசிக் அந்நியமா இருக்கும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

அதே ஆளு 1969ல ஜெர்மன் இசைமேதை பாஹோட பூரேயை எடுத்து வாசிச்சதையும் கேக்கணும். லூட்ங்கிற பழைய தந்தி வாத்தியத்துக்கான ஈ மைனர் சூட்ல வர்ற சின்ன நடனத் துண்டு அது. அவர் குடியிருந்த எடத்துல கீழ் ரூம்ல ஒரு ஸ்டூடண்டு கிட்டார்ல அதையே திரும்பத் திரும்ப வாசிச்சுப் பழகிக்கிட்டு இருந்திருக்காரு, கேட்டுக் கேட்டு மண்டையில ஏறி, ஜாஸ் மாதிரி ஆட்டம் குடுத்து ஸ்டாண்ட் அப் ஆல்பத்துல போட்டுட்டாரு. நடுவுல கிளென் கார்னிக்கோட பேஸ் கிட்டார் தனியா வரும், நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க. நம்ம ராஜா சார் 1986ல பாஹையும் தியாகராஜரையும் ஒண்ணா உக்கார வச்சு ஹவ் டு நேம் இட் பண்ணாரே, அதைக் கேட்டு வளந்தவங்களுக்கு இந்த பூரே உடனே பிடிச்சிடும். 2011 ஏப்ரல்ல விண்வெளி நிலையத்துல இருந்த கேடி கோல்மன்ங்கிற விண்வெளி வீராங்கனை அங்க மிதந்துக்கிட்டே ஃப்ளூட்டு வாசிக்க, பூமியில ரஷ்யாவுல இருந்து ஆண்டர்சன் வாசிக்க, ரெண்டையும் சேத்து, விண்வெளிக்கு முதல்ல போன ககாரின் பறந்த 50வது வருஷத்துக்கு வெளியிட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் வாசிச்சதும் இதே பூரேதான்.

சரி, ஆண்டர்சனோட முடிச்சிட்டா மத்தவங்களுக்கு அநியாயம்.

அவருக்கு முன்னாடியே 1967ல மூடி ப்ளூஸ் பேண்டுல ரே தாமஸ் வாசிச்சிட்டாரு. நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின் பாட்டு நடுவுல வர்ற ஃப்ளூட்டு அவரோடதுதான். அதுல உறுமல் எதுவும் கிடையாது, நேரா, நீளமா, தனியா நிக்கிற ஒரு சோகம். இவரும் ஹார்மோனிகாவுல இருந்து ஃப்ளூட்டுக்கு வந்தவரு. 2018 ஜனவரில காலமாயிட்டாரு, அதே வருஷம் சில மாசம் கழிச்சுதான் அந்த பேண்டை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. கொஞ்சம் முன்னாடி சேத்திருக்கலாம்னு இப்பவும் மனசு கேக்குது.

கிங் கிரிம்சன் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். 1969 அக்டோபர்ல வந்த முதல் ஆல்பம், இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங். முதல் பாட்டு ட்வெண்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிசாய்டு மேன், அதுல குரலே டிஸ்டார்ஷன்ல கிழிஞ்சு வரும், சாக்ஸும் கிட்டாரும் சேர்ந்து அடிச்சுத் துவைச்சிட்டு ஒரு பெரிய இரைச்சல்ல முடியும். முடிஞ்ச மறு செகண்டு ஐ டாக் டு த விண்ட், ரெண்டு ஃப்ளூட்டு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு வருது. வேற யாரோட ரெக்கார்டோ மாறி ஓடுதான்னு சந்தேகம் வந்துடும். ஆனா அந்த சாக்ஸும் இந்த ஃப்ளூட்டும் வாசிச்சது ஒரே ஆளு, இயன் மெக்டொனால்டு. ரெண்டு ஃப்ளூட்டும் அவரே, ஒண்ணு மேல ஒண்ணா ரெக்கார்டு பண்ணது. டேப்ல பதிஞ்ச சத்தத்தை வாசிக்கிற கீபோர்டான மெல்லோட்ரானும் அவர்தான். பிரிட்டிஷ் ராணுவத்துல பேண்டுல வாசிச்சுட்டு வந்தவரு, அதனால எந்த வாத்தியத்தைக் குடுத்தாலும் ஒழுங்கா வாசிக்கிற பயிற்சி இருந்துச்சு. கடைசில வர்ற சோலோவுல அவசரமே கிடையாது, ஒரு வரி ஊதி முடிச்சு மூச்சு விட்டு அடுத்த வரி. நைட்டு கச்சேரி முடிச்சு பாக்ஸெல்லாம் வண்டில ஏத்திட்டு எண்ணூர் ஹைரோடுல வரும்போது காதுல குய்ங்னு ஒரு சத்தம் நிக்கும், அந்த நேரத்துக்கு எனக்கு இந்தப் பாட்டுதான். 1969 முடியும்போதே மெக்டொனால்டு பேண்டை விட்டுட்டாரு, அப்புறம் ஃபாரினர் பேண்டு ஆரம்பிச்சதுல ஒருத்தரா இருந்தாரு, 2022ல போயிட்டாரு. அவருக்கப்புறம் கிரிம்சன்ல சாக்ஸும் ஃப்ளூட்டும் வாசிக்க வந்தவரு மெல் காலின்ஸ், அவரும் பெரிய ஆளுதான்.

ஜெனிசிஸ்ல பீட்டர் கேப்ரியல் பாடகரு. கைல வேற வாத்தியம் எதுவும் இல்லாம நிக்கிற நேரத்துல ஃப்ளூட்டு எடுத்துக்குவாரு. டெக்னிக்கா பாத்தா இந்த வரிசையில ரொம்ப சாதாரணமா வாசிக்கிறவரு அவர்தான், ஆனா 1973ல செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட் ஆல்பத்துல ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த் கேளுங்க. டோனி பேங்க்ஸோட பியானோ மேல ஃப்ளூட்டு ஒரு சின்ன மெட்டை மெல்ல ஊதிட்டுப் போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு அதே மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட் கிட்டார்ல எடுத்து, நோட்டை நிறுத்தி நிறுத்தி வானத்துக்குத் தூக்கிட்டுப் போவாரு. எல்லாரும் அந்த கிட்டார் சோலோவைத்தான் கொண்டாடுறாங்க, கொண்டாட வேண்டியதுதான், ஆனா முன்னாடி அந்த ஃப்ளூட்டு அவ்ளோ ஒல்லியா, தயங்கித் தயங்கி வரலேன்னா பின்னாடி கிட்டாருக்கு அந்த கனம் வந்திருக்காது. பெரிய வித்வான் யாராவது அங்க சங்கதி போட்டு அழகு பண்ணியிருந்தா பாட்டே கெட்டிருக்கும். கேப்ரியல் 1975ல வெளிய போனாரு, அவரோட அந்த ஃப்ளூட்டும் போயிடுச்சு.

இங்க நான் ரொம்ப நாளா நம்புற ஒரு விஷயத்தை சொல்லிடுறேன். ப்ராக் ராக்ல, அதாவது கிளாசிக்கல், ஜாஸ் எல்லாம் கலந்து வர்ற இந்த வகை ராக்ல, ஃப்ளூட்டை மறக்க முடியாதபடி வாசிச்சவங்கள்ல நிறைய பேரு ஃப்ளூட்டையே முழுநேரத் தொழிலா வச்சிக்காதவங்க. ஆண்டர்சன் கிட்டார்ல இருந்து வந்தவரு, பாடுறவரு. கேப்ரியல் பாடகரு. கேமல் பேண்டோட ஆண்ட்ரூ லாடிமர் கிட்டாரிஸ்டு. மெக்டொனால்டு, காலின்ஸ் எல்லாம் சாக்ஸும் சேத்து வாசிக்கிறவங்க. ஃப்ளூட்டு எப்படி ஒலிக்கணும்னு அவங்க யாருக்கும் ஒரு பிடிவாதம் இல்ல, பாட்டுக்கு என்ன வேணுமோ அதை ஊதினாங்க. அவங்க குரல், அவங்க மூச்சு எப்படியோ அப்படியே மைக்குக்குப் போச்சு.

இதுக்கு நேர்மாறா ஒரு ஆளு இருக்காரு, அவரையும் சொல்லியே ஆகணும். நெதர்லாந்து பேண்டு ஃபோகஸ், அதுல தைஸ் வான் லீர். அப்பாவே ஃப்ளூட்டு வாசிக்கிறவரு, மகனும் முறையா படிச்சு வந்தவரு. ஹாமண்ட் ஆர்கன்ல உக்காந்துக்கிட்டு ஒரு கையால கட்டையை அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால ஃப்ளூட்டைப் பிடிச்சு ஊதுவாரு. 1971ல வந்த ஹோக்கஸ் போக்கஸ் கேட்டவங்களுக்குத் தெரியும், யான் ஆக்கர்மனோட கிட்டார் இடி மாதிரி இறங்கும், இவரு மலைக்காரங்க யோடல் பண்ற மாதிரி குரலை மேலயும் கீழயும் உடைப்பாரு, அக்கார்டியன், விசில், ஃப்ளூட்டு எல்லாம் மாறி மாறி வரும். 1973ல அமெரிக்க டிவில வாசிச்ச வீடியோ ஒண்ணு சுத்துது, ரெக்கார்டுல இருக்குறதைவிட ரொம்ப வேகமா ஓட்டுவாங்க, கண்டிப்பா பாருங்க. முறையா படிச்ச சுத்தம் அவர்கிட்ட இருக்கு, அதோட சேத்து கிறுக்கும் இருக்கு. அமைதியா கேக்கணும்னா ஹவுஸ் ஆஃப் த கிங்.

லாடிமரைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. 1975ல த ஸ்னோ கூஸ்னு முழுக்க வாத்திய இசையாவே ஒரு ஆல்பம் போட்டாங்க, பால் காலிகோ எழுதின கதையை வச்சு. எழுத்தாளர் தரப்புல எதிர்ப்பு வந்ததால அட்டையில கதையால தூண்டப்பட்ட இசைன்னு போட வேண்டி வந்துச்சு. அதுல ராயடர்ங்கிற பாட்டுல ஃப்ளூட்டு மெட்டைக் கேட்டா சின்னப் பசங்ககூட முனக ஆரம்பிச்சிடுவாங்க. பாட்டு வரிகளே இல்லாததால இங்கிலீஷ் தெரியலையேன்னு தயங்குறவங்களுக்கு நான் முதல்ல போட்டுக் காட்டுறது இதுதான்.

இத்தாலிக்காரங்க தனி உலகம். பிரெமியாட்டா ஃபோர்னேரியா மார்க்கோனின்னு ஒரு பேண்டு, சுருக்கமா பி எஃப் எம், அதுல மௌரோ பகானி ஃப்ளூட்டும் வயலினும் ரெண்டும் வாசிப்பாரு, 1972ல வந்த முதல் ஆல்பம் ஸ்டோரியா டி உன் மினுட்டோல ஆரம்பிங்க. இங்கிலாந்து கேரவன் பேண்டுல பை ஹேஸ்டிங்ஸோட அண்ணன் ஜிம்மி ஹேஸ்டிங்ஸ் வந்து ஊதிக் குடுப்பாரு, ஜாஸ் ஆளு, மெதுவான கை. ஹங்கேரில சொலாரிஸ்னு ஒரு பேண்டு, அட்டிலா கொல்லார் ஃப்ளூட்டு, 1984ல வந்த அவங்க ஆல்பத்துல சின்தசைசர் மேல ஃப்ளூட்டு பறக்கும். அப்புறம் ஜெர்மனில மெஷின் இசைக்குப் பேர் போன கிராஃப்ட்வெர்க்கே 1970ல முதல் ஆல்பத்தை ஃப்ளூட்டுலதான் ஆரம்பிச்சாங்க, ருக்சுக்னு பாட்டு, வாசிச்சது ஃப்ளோரியன் ஷ்னைடர். நம்பாதவங்க போட்டுக் கேளுங்க.

நம்ம பக்கம் குழல்காரங்க இதைக் கேட்டா முகம் சுளிப்பாங்களான்னு சிலர் கேப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. திருவிடைமருதூர் மாலி, டி.ஆர்.மகாலிங்கம், புல்லாங்குழலை வாய்ப்பாட்டு மாதிரியே பாட வச்சவரு, விரல் பிடிக்கிற முறையையே அதுக்காக மாத்தினவரு. எட்டு ஓட்டை மூங்கில்ல ஓட்டையைப் பாதி மூடி பாதி திறந்து, உதட்டைத் திருப்பி கமகத்தை வரவழைக்கணும், அந்த வழுக்கலை சாவி வச்ச மெட்டல் ஃப்ளூட்டுல கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். மாலி குழலுக்குள்ள பாட்டைக் கொண்டு வந்தாரு, கிர்க்கும் ஆண்டர்சனும் தொண்டையையே உள்ள அனுப்பினாங்க. ரெண்டு பக்கமும் போய் நின்னது மனுஷக் குரல் பக்கத்துலதான். மாலியோட சிஷ்யர் ரமணி சார் நீளமான குழல்ல கீழ் ஸ்தாயி வாசிக்கிறதைக் கேட்டுட்டு உடனே ஐ டாக் டு த விண்ட் கேட்டுப் பாருங்க, அடுத்தடுத்து கேக்க நல்லாவே சேரும்.

1989ல கிராமி விருதுல ஹார்டு ராக் மெட்டல்னு புதுசா ஒரு பிரிவு வச்சு, மெட்டாலிகாவைத் தாண்டி ஜெத்ரோ டல்லுக்குக் குடுத்ததும் பெரிய சண்டையாச்சு, ஃப்ளூட்டு வாசிக்கிற பேண்டுக்கு மெட்டல் விருதான்னு. மெட்டாலிகா ரசிகருங்க கோபத்துல நியாயம் இருக்கு, அது மெட்டல் பேண்டு கிடையாது. ஆனா ஃப்ளூட்டுன்னாலே சாதுன்னு சொல்ற பேச்சை மட்டும் என்னால ஏத்துக்க முடியாது, அக்வாலங் கேட்டவன் யாரும் அப்படிச் சொல்லமாட்டான்.

2020ல ஆண்டர்சன் தனக்கு சிஓபிடின்னு ஒரு நுரையீரல் நோய் இருக்குன்னு வெளிய சொன்னாரு. மேடைப் புகை மெஷினுங்க நடுவுல அவ்ளோ வருஷம் வாசிச்சதும் ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்காரு, அதுல இருந்து எங்க செட்டுல ஊதுறவங்க யாராவது மேடையில இருந்தா புகை மெஷினை நான் ஆன் பண்ண விடுறதில்ல, கல்யாண வீட்டுக்காரங்க கேட்டாலும் சொல்லிப் புரிய வச்சிடுவேன். அந்த நோயோடதான் 2022ல ஒரு ஆல்பம், 2023ல பேர்லயே ஃப்ளூட்டு வர்ற ரோக்ஃப்ளோட்டேன்னு இன்னொண்ணு போட்டிருக்காரு.

மைக்செட் வேலைல இருக்குற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேலை செய்யுங்க. அடுத்த தடவை கானா கச்சேரிக்கு குழல் வாசிக்கிற பையன் வந்தான்னா, பாடுற மைக்கையே அவன்கிட்ட குடுங்க, உதட்டுகிட்ட வச்சு ஊதச் சொல்லுங்க, மானிட்டர்ல அவன் சேனலைக் கொஞ்சம் குறைச்சு ஹவுலிங் வராம பாத்துக்கிட்டு, எக்கோவை மொத்தமா எடுத்துடுங்க. காத்து சத்தம் விழுதேன்னு அவன் பயப்படுவான். விழட்டும்டா, ஊதுன்னு சொல்லுங்க.